மூன்றுசுழி தாங்குமா தடிமன்?

பூவராகர் கோயில் ஊரான ஸ்ரீமுஷ்ணத்தின் பெயரைக் கடைப் பலகைக்கோ ஃபிளெக்ஸுக்கோ மிகத் தடித்த எழுத்தில் அடித்துப் பார்த்தால், அந்த எழுத்துருவின் வண்டவாளம் தெரிந்துவிடும். முதலில் வரும் ஸ்ரீ மேலும் கீழும் நெரிசலான கூட்டெழுத்து. மு அடிக்கோட்டைத் தாண்டிக் கீழே வளையும். ஷ், ம் இரண்டின் தலையிலும் புள்ளி. நடுவே மூன்றுசுழி ண. கோட்டின் தடிமனைக் கூட்டக் கூட்ட எழுத்து வெளியே பெருப்பதைவிட உள்ளே அடைபடுவதுதான் அதிகம். சுழிக்குள் இருக்கும் வெள்ளை மறைந்துவிட்டால், சாலையின் எதிர்ப்பக்கத்திலிருந்து பார்ப்பவருக்கு அது மூன்றுசுழியா இரண்டுசுழியா என்றே தெரியாது. பளிச்சென்று இருக்கட்டும் என்று கேட்டு வாங்கிய தடிமனே பெயரைத் தின்றுவிடுகிறது.

இந்தச் சிக்கல் தமிழுக்கு மட்டுமானதல்ல. வட்டம், நேர்க்கோடு போன்ற வடிவங்களைக் கொண்டு, நுனிகளில் சிறு கோடுகள் இல்லாமல் அமைக்கும் எழுத்துருக்களுக்கு முன்னோடியாகச் சொல்லப்படுவது ஃப்யூச்சுரா. ஜெர்மனியின் பால் ரென்னர் வடிவமைத்து 1927-இல் வெளிவந்தது. 1969-இல் அப்போலோ 11 நிலவில் விட்டுவந்த தகட்டிலும் அந்த எழுத்துதான். பார்வைக்குக் காம்பஸால் வரைந்தது போல இருந்தாலும் அது வெறும் காம்பஸ் வேலை அல்ல. கோடுகள் கூடும் இடத்தில் கறுப்பு திரளாமலிருக்க அங்கே கோட்டை மெலிய வைத்திருப்பார்கள். ஒற்றை வட்டமான ஆங்கில ஓ-வைக் கொண்ட எழுத்துமுறைக்கே இவ்வளவு திருத்தம் வேண்டியிருக்கும்போது, சுழியை ஒட்டிச் சுழி வரும் தமிழுக்குக் கேட்கவே வேண்டாம். எழுத்தை அகலப்படுத்த வேண்டும், உட்கோடுகளை மட்டும் மெலிக்க வேண்டும், புள்ளி ஒட்டிக்கொள்ளாதபடி அதைச் சற்று உயர்த்த வேண்டும். கணினியில் ‘போல்டு’ பொத்தானை அழுத்தினால் இதெல்லாம் தானாக நடந்துவிடாது. தடித்த வடிவம் தனியாக வரையப்படாத எழுத்துருவில் கோடு வெறுமனே வீங்கும், அவ்வளவுதான்.

வட்டமும் நேர்க்கோடுமான இந்தச் சீரான பாணி மேற்கத்திய மோகம், தமிழ் எழுத்தின் நளினத்துக்கு ஒவ்வாது என்பார்கள் சிலர். பாதிதான் சரி. ஓலையில் எழுத்தாணி கீறிய கோடு பெரும்பாலும் ஒரே தடிமன்தான். சீரான கோடு நமக்கு அந்நியமல்ல. பிரியா ரவிச்சந்திரன் வடிவமைத்த ‘கேட்டமரான்’ எழுத்துருவின் தமிழும் சீரான கோட்டில் அமைந்ததே. மெலிந்ததிலிருந்து மிகத் தடித்தது வரை ஒன்பது எடைகளில், யாரும் இலவசமாகப் பயன்படுத்தும்படி கிடைக்கிறது. ஓலை தராதது தடிமனை மட்டுமே, சிக்கலும் அங்கேதான். எல்லா எழுத்தும் ஒரே சாயலாகி வாசிப்பைச் சோர்வாக்கும் என்ற இன்னொரு குறையை நான் மறுக்கவில்லை. பத்திரிகைக் கட்டுரையையோ கல்யாணப் பத்திரிகையின் பொடி வரிகளையோ இதில் அச்சடிப்பது வாசகருக்குச் செய்யும் கொடுமை. தலைப்பு, பலகை, பேருந்தின் ஊர்ப்பெயர் என நாலைந்து சொற்களோடு நிற்கும் இடத்தில்தான் இது சோபிக்கும்.

அங்கேயும் ஆகத் தடித்த எடையைவிட ஒரு படி குறைந்தது பெரும்பாலும் தொலைவில் தெளிவாகத் தெரியும். பலகைக்குப் பணம் கொடுக்குமுன் ஊர்ப்பெயரை இரண்டு எடைகளிலும் தாளில் அச்சிட்டு, கடைக்கு எதிரே நின்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.