ஒரகடத்துக்கு வந்த ஊர்கள் – 9: கடைசித் தொண்டைமான்

திங்கட்கிழமை விடியற்காலையில் கிளாம்பாக்கத்தில் வந்து நிற்கும் தென்மாவட்டப் பேருந்துகளில் புதுக்கோட்டைக்காரர்களும் இருப்பார்கள். தோளில் ஒரு பை, கையில் வீட்டிலிருந்து கட்டிக்கொடுத்த பலகாரப் பொட்டலம். அங்கிருந்து படப்பை வழியாக ஒரகடம், வல்லம், ஸ்ரீபெரும்புதூர் என்று தொழிற்சாலை வேலைக்குப் பிரிந்துபோவார்கள். வல்லம் வடகாலில் பெண் தொழிலாளர்களுக்காக 18,720 பேர் தங்கும் விடுதி 2024-ல் திறக்கப்பட்டது. அந்தப் பக்கத்து டீக்கடையில் பேச்சுக் கொடுத்தபோது புதுக்கோட்டை மாவட்டக் கீரனூர்ப் பெண் ஒருத்தி பெருமையாகச் சொன்னாள்: “எங்க ஊரு கலெக்டர் ஆபீஸே ராஜா அரண்மனைதான் சார். எங்க அப்பத்தா பென்ஷன் மனு குடுக்க அங்கதான் போனாங்க.”

அந்த அரண்மனையை விட்டுக்கொடுத்த, புதுக்கோட்டையின் கடைசி மன்னர் ராஜகோபாலத் தொண்டைமானைப் பற்றித்தான் இந்த வாரம்.

புதுக்கோட்டைத் தொண்டைமான் என்றதும் தமிழ்நாட்டில் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது கட்டபொம்மன். 1799-ல் திருக்களம்பூர்க் காட்டுப் பகுதியில் அவரைப் பிடித்து வெள்ளையரிடம் ஒப்படைத்தது புதுக்கோட்டை. கயத்தாற்றில் அவர் தூக்கிலிடப்பட்டார். அந்தப் பழி இன்றுவரை தொண்டைமான்களைத் தொடர்கிறது. வரலாற்றில் நடந்ததை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் முன்னோர் ஒருவர் செய்ததை வைத்தே ஒரு வம்சம் முழுவதையும் எடைபோட்டால், அதன் கடைசி மனிதரைப் பார்க்கத் தவறிவிடுவோம்.

1686-ல் ரகுநாதராயத் தொண்டைமானிடம் தொடங்கியது அந்த ஆட்சி. சுற்றிலும் திருச்சி, தஞ்சை, ராமநாதபுரம் என்று வெள்ளையர் நேரடியாக ஆண்ட மாவட்டங்கள். நடுவே 1,179 சதுர மைல் பரப்பில் ஒரு சமஸ்தானம். 1941 கணக்கெடுப்பின்படி அங்கே வாழ்ந்தவர்கள் 4.38 லட்சம் பேர். சின்ன நாடுதான், ஆனால் சொந்த நாணயம் இருந்தது. நவராத்திரியில் ஏழைகளுக்கு அரிசியோடு வழங்கிய செப்புக்காசு அது. ஒரு பக்கம் திருக்கோகர்ணம் பிரகதாம்பாள் அமர்ந்திருப்பாள். மறுபக்கம் தெலுங்கு எழுத்தில் ‘விஜய’ என்றிருக்கும். மக்கள் அதை ‘அம்மன் காசு’ என்றார்கள். இருபது காசு சேர்ந்தால் ஓர் அணா.

இந்த நாட்டுக்கு ராஜகோபாலர் மன்னரானதே எதிர்பாராத கதை. அவருக்கு முன் ஆண்ட மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான், 1915-ல் ஆஸ்திரேலியாவில் மாலி ஃபிங்க் என்ற பெண்ணை மணந்தார். அந்தத் திருமணத்தை வெள்ளை அரசு அங்கீகரிக்கவில்லை. மகன் சிட்னிக்கு வாரிசு உரிமையும் கிடைக்கவில்லை. மனைவியையும் மகனையும் விட்டுவர மனமில்லாத மன்னர் நாட்டை விட்டே போனார். 1928 மே மாதம் பாரிசில் இறந்தார். அடுத்து யார் என்ற கேள்விக்கு, அரச குடும்பத்தின் இன்னொரு கிளையிலிருந்து ஒரு சிறுவனைத் தேர்ந்தெடுத்தார்கள். 1922 ஜூன் 23 அன்று பிறந்த ராஜகோபாலருக்கு அப்போது வயது ஆறு.

ஆறு வயதில் முடி சூட்டினால் ஆள்வது யார்? திவானும் நிர்வாகிகளும்தான். 1931-ல் புதிய வரிகளை எதிர்த்துப் புதுக்கோட்டை நகரம் கொந்தளித்தபோது மன்னருக்கு ஒன்பது வயது. 1934-லிருந்து நிர்வாகப் பொறுப்பு அலெக்சாண்டர் டாட்டன்ஹாம் என்ற ஐ.சி.எஸ். அதிகாரியிடம் இருந்தது. 1944 ஜனவரியில்தான் முழு அதிகாரம் ராஜகோபாலர் கைக்கு வந்தது. உலகப்போர் நடந்துகொண்டிருந்தது. சமஸ்தானங்களின் காலம் முடிந்துகொண்டிருந்ததும் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

1947-ல் ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட சமஸ்தானங்களின் முன்னே ஒரே கேள்வி இருந்தது: தனியாக நிற்பதா, இணைவதா? திருவிதாங்கூர் தனி நாடு என்று அறிவித்துப் பிறகு இறங்கிவந்தது. ஹைதராபாத்துக்கு 1948 செப்டம்பரில் ராணுவம் போக வேண்டியிருந்தது. புதுக்கோட்டை 1948 மார்ச் முதல் வாரத்திலேயே சென்னை மாகாணத்தோடு இணைந்து, திருச்சி மாவட்டத்தின் ஒரு பகுதியானது. இருநூற்று அறுபது ஆண்டுகளுக்கு மேல் நடந்த ஆட்சி ஒரு கையெழுத்தோடு முடிந்தது. கஜானாவும் போனது, அம்மன் காசும் போனது. கையெழுத்திட்ட மன்னருக்கு வயது இருபத்தைந்து. முழு அதிகாரத்தோடு அவர் ஆண்டது நான்கே ஆண்டுகள்.

அந்தக் கையெழுத்தைத் தியாகம் என்று மட்டும் சொல்லிவிட்டால் உண்மை பாதியாகிவிடும். நாலாபுறமும் இந்திய யூனியன் சூழ்ந்திருக்க, அவருக்கு வேறு வழியும் இல்லை. சமஸ்தானத்துக்குள்ளேயே மக்களாட்சி கேட்டுப் போராடியவர்கள் இருந்தார்கள். இணைப்பில் அவர்களுக்கும் பங்கு உண்டு. ஆகவே கையெழுத்துக்கு முன்னால் நடந்ததை விட, பின்னால் அவர் வாழ்ந்த வாழ்க்கையே என்னைக் கவர்கிறது.

இணைப்புக்குப் பின் ஏறக்குறைய நாற்பத்தொன்பது ஆண்டுகள் வாழ்ந்தார். திருமணம் செய்துகொள்ளவில்லை. திருச்சியில் அமைதியாக வசித்தார். சமஸ்தானங்கள் சேர்ந்தபோது வாக்களித்த மன்னர் மானியத்தை 1971-ல் இந்திரா காந்தி அரசு அரசியல் சட்டத்தின் 26-வது திருத்தம் மூலம் நிறுத்தியது. மன்னர் என்ற பட்டமும் சட்டப்படி போனது. இரண்டு ஆண்டுகள் கழித்து, 1974 ஜனவரி 14 அன்று புதுக்கோட்டை தனி மாவட்டமானது. மாவட்டத் தலைமையகத்துக்கு இடம் வேண்டியிருந்தது. மானியமும் பட்டமும் இழந்திருந்த மனிதர், ஏக்கர் கணக்கில் தோட்டமும் திடலும் சூழ்ந்த தன் அரண்மனையை அதற்காக விட்டுக்கொடுத்தார். பட்டத்தைச் சட்டம் எடுத்துக்கொண்டது. அரண்மனையை அவராகவே கொடுத்தார். இந்த வேறுபாடுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் அங்கே போய்ப் பாருங்கள். வளைவுகளும் தூண்களுமாக நிற்கும் அந்தக் கட்டடத்தின் முன்னே, பட்டா மாறுதலுக்கும் உதவித்தொகைக்கும் மக்கள் மனுவோடு காத்திருப்பார்கள். மரத்தடியில் உட்கார்ந்து மனு எழுதித் தருபவரைச் சுற்றி நாலைந்து பேர் நிற்பார்கள். அரண்மனை வாசல் தாண்டவே அஞ்சிய குடிகளின் பேரப்பிள்ளைகள் இன்று அதே படியேறிக் கேள்வி கேட்கிறார்கள். 1997 ஜனவரி 16 அன்று ராஜகோபாலர் காலமானார். அவர் விட்டுச்சென்றதில் இந்தக் காட்சியைவிடப் பெரியது எதுவும் இல்லை என்றே நினைக்கிறேன்.

நம் வழித்தடத்திலும் நிலம் கைமாறியிருக்கிறது. இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம், வல்லம் வடகால், பிள்ளைப்பாக்கம் என்று சிப்காட் விரிந்த ஒவ்வொரு ஊரிலும், தலைமுறையாக உழுத மண்ணைக் கொடுத்த குடும்பங்கள் உண்டு. மன்னரைப் போல யோசித்து, காலம் பார்த்துக் கொடுக்கும் வசதி அவர்களுக்கு இருக்கவில்லை. இழப்பீட்டுத் தொகை வந்தது, செலவழிந்தது. அந்த மண்ணில் நிற்கும் தொழிற்சாலைகளால்தான் கீரனூர் வரைக்கும் மணியார்டர் போல மாதாமாதம் சம்பளப் பணம் போகிறது. புதுக்கோட்டையில் கொடுத்தவரின் பெயர் எல்லோருக்கும் தெரியும். இங்கே கொடுத்தவர்களின் பெயர்கள் வருவாய்த்துறைக் கோப்புகளில்தான் இருக்கின்றன. அவர்களுடைய பிள்ளைகளுக்கு இந்தக் கம்பெனிகளில் நிரந்தர வேலை கிடைக்கிறதா என்று கேட்பது நம் கடமை. கொடுத்தவர்களை மதிப்பதென்றால், கொடுத்ததன் பலனில் அவர்களுக்கும் பங்கு வைப்பதுதான்.

புதுக்கோட்டையில் அந்தப் பங்கு எப்படிப் பரவியது என்பதற்கு ஒரு சாட்சி இருக்கிறது. 1990-களின் தொடக்கத்தில் ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கம் அந்த மாவட்டத்தை உலுக்கியது. எழுத்தோடு சேர்த்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிளும் கற்றார்கள். கல் குவாரிப் பெண்களும் கூலிப் பெண்களும் தெருவில் சைக்கிள் மிதித்தபோது ஊர் கேலி செய்தது, அவர்கள் நிறுத்தவில்லை. அன்று சைக்கிள் கற்ற அம்மாக்களின் மகள்கள் இன்று ஒரகடத்துக்குத் தனியாக பஸ் ஏறி வருகிறார்கள். அந்த அம்மாக்களை அடுத்த வாரம் சந்திப்போம்.

(தொடரும்)