செப்டம்பர்ல ஹேப்பி நியூ இயர்!

செப்டம்பர் 11 காலையில ஒருத்தன் ரூம் கதவைத் தட்டி, "ஹேப்பி நியூ இயர் மச்சான்"னு பிஸ்கட் பாக்கெட்டை நீட்டினா நீங்க என்ன பண்ணுவீங்க? நாங்க சிரிச்சோம். "எந்த வருஷம்டா?"ன்னு கேட்டோம். "2017"ன்னான். அப்போ நமக்கு 2024. ஹாஸ்டலே விழுந்து விழுந்து சிரிச்சுது. அன்னிலேர்ந்து அவன் பேரு 'டைம் மெஷின்'.

எங்க கோவை காலேஜ்ல எத்தியோப்பியாக்காரன் அவன் ஒருத்தன்தான். நம்ம அண்ணன்மார் அமெரிக்காவுல குக்கர்ல பொங்கல் வெச்ச போட்டோவுக்கு உருகி உருகி லைக் போடுறோம். மூணு ரூம் தள்ளி இருக்கிறவன் பண்டிகை கண்ணுல படலையே பாஸ்!

2025-ல தேதி நெருங்கியும் அவன் வாயே திறக்கலை. எங்களுக்குத்தான் சுருக்குன்னுது. நாங்களே போய்க் கேட்டோம். அவங்க புத்தாண்டுக்குப் பேரு 'என்குதாதாஷ்'. அங்கே வருஷத்துக்கு 13 மாசம்! பன்னிரண்டுக்கு முப்பது முப்பது நாள். மிச்சம் அஞ்சோ ஆறோ நாள் கடைசிக் குட்டி மாசம். நம்ம காலண்டருக்கு ஏழெட்டு வருஷம் பின்னாடி. 2000-மாவது ஆண்டையே 2007 செப்டம்பர்லதான் கொண்டாடினாங்க. (அரியர் வெச்சவங்கல்லாம் அங்கே போயிட்டா... சரி, விடுங்க.)

டே ஸ்காலர் நண்பன் வீட்டு மொட்டைமாடி ரூம்தான் ஸ்பாட். மழை முடிஞ்சு அவங்க ஊர்ல மஞ்சள் பூவா பூத்துக் கிடக்குமாம். இங்கே அதுக்குப் பதிலா பூ மார்க்கெட் செவ்வந்தி. "என்ன விசேஷம் தம்பி?"ன்னு பூக்காரம்மா கேட்க, "புது வருசம் அக்கா"ன்னு அவன் சொன்ன தமிழுக்கு ஒரு கை பூ எக்ஸ்ட்ரா! தரையில பரப்பப் புல் வேணும்னான். காலேஜ் கிரவுண்ட் எதுக்கு இருக்கு?

இன்ஜெரா செய்ய 'தெஃப்' மாவு கிடைக்கலை. கேழ்வரகு மாவைக் கரைச்சு மூணு நாள் புளிக்க வெச்சான். (கேழ்வரகுக்கும் பூர்வீகம் கிழக்கு ஆப்பிரிக்க மலைப்பக்கம்தான்!) முதல் நாலு பிஞ்சு போச்சு. அஞ்சாவது கண்ணு கண்ணா வந்துச்சு, நம்ம ஆப்பத்துக்கு ஒண்ணுவிட்ட தம்பி மாதிரி. வெங்காயத்தை ஒரு மணி நேரம் வதக்கி, ஊர்லேர்ந்து பெட்டியில கொண்டுவந்த 'பெர்பெரே' மசாலா போட்டுக் கோழிக் குழம்பு. உள்ளே அவிச்ச முட்டை. காரத்துல நமக்கு அண்ணன்!

எல்லாருக்கும் ஒரே தாம்பாளம். முதல் வாயை உருட்டி என் வாயில திணிச்சான். பேரு 'குர்ஷா', பிரியப்பட்டவங்களுக்கு ஊட்டி விடுறது. எங்க அம்மா ஊட்டினதுக்கப்புறம் இப்பத்தான்.

அப்புறம் காபி. பச்சைக் கொட்டையை அங்கேயே வறுத்து, புகையை எல்லார் மூக்குக்கும் காட்டி, மூணு ரவுண்டு. முதல் ரவுண்டோட எழுந்து போனா மரியாதை இல்லை. மறுநாள் எங்களுக்கு இன்டர்னல்!

ராத்திரி ஒன்பது மணிக்கு வீடியோ கால்ல அவன் அம்மா. என்னவோ கேட்டாங்க, சிரிச்சுக்கிட்டே பதில் சொன்னான். கட் பண்ணினதும் என்னன்னு கேட்டோம்.

"யார் யார் வந்திருக்காங்கன்னு கேட்டாங்க. ரூம் நிறைய ஃப்ரெண்ட்ஸ்னு சொன்னேன்."

கொஞ்சம் பொறுத்து, "போன வருஷமும் அதைத்தான் சொன்னேன்" என்றான்.

மூணாவது ரவுண்டு முடியற வரைக்கும் யாரும் எழுந்திருக்கலை.