பஞ்ச காலத்தில் பிறந்த பிரமாண்டங்கள் தெரியுமா?

1929-ல் நியூயார்க் பங்குச்சந்தை சரிந்தது. 1933-ல் அமெரிக்கத் தொழிலாளர்களில் நான்கில் ஒருவருக்கு வேலை இல்லை! அந்தக் கெட்ட காலத்தில்தான் எத்தனை அதிசயங்கள் முளைத்தன தெரியுமா?

★ 102 மாடி எம்பயர் ஸ்டேட் கட்டடம் அந்தப் பொருளாதார மந்தத்தின் நடுவிலேயே எழுந்தது! 1930 மார்ச்சில் தொடங்கி, 1931 மே 1-ல் திறந்தேவிட்டார்கள். இரும்புச் சட்டகம் வாரத்துக்கு நாலரை மாடி வேகத்தில் ஏறியதாம்!

★ லெகோவைத் தொடங்கியவர் ஒரு தச்சர்! டென்மார்க்கின் பில்லுண்ட் ஊரில் வீடு கட்டும் வேலை குறைந்ததும், ஓலே கிர்க் கிறிஸ்டியான்சன் 1932-ல் ஏணி, முக்காலி, இஸ்திரிப் பலகை செய்து விற்றார். கூடவே மரப் பொம்மைகளும் செய்தார். கடைசியில் பொம்மைதான் நிலைத்தது!

★ ஸ்க்ராபிளை உருவாக்கிய ஆல்ஃபிரட் பட்ஸ், வேலை போன கட்டடக் கலைஞர். எந்த எழுத்து எத்தனை முறை வருகிறது என்று நியூயார்க் டைம்ஸ் பக்கங்களில் எண்ணி எண்ணித்தான் மதிப்பெண் போட்டார்!

★ ஹெச்.பி. நிறுவனம் 1939-ல் பாலோ ஆல்டோவின் ஒரு கார் ஷெட்டில் 538 டாலரில் தொடங்கியது! அந்த நிறுவனத்தின் ஒலி அலை இயற்றியை எட்டு எண்ணிக்கையில் வாங்கியது யார் தெரியுமா? வால்ட் டிஸ்னி ஸ்டுடியோ!

★ எல்லாவற்றையும் விஞ்சும் கதை ஜெராக்ஸுடையது! 1930-ல் இயற்பியல் பட்டம் வாங்கிய செஸ்டர் கார்ல்சன், 82 நிறுவனங்களுக்கு விண்ணப்பம் போட்டார். கிடைத்த வேலையும் 1933-ல் போனது. பிறகு காப்புரிமைப் பிரிவில் வேலை. ஆவணங்களுக்குப் பிரதி எடுத்தே கை நொந்தது. "இதற்கொரு வழி வேண்டாமா?" என்ற தவிப்பு பிறந்தது அங்கேதான்!

1938 அக்டோபர் 22, நியூயார்க்கின் அஸ்டோரியா. கார்ல்சனும் அவருடைய உதவியாளரும் கந்தகம் பூசிய துத்தநாகத் தகட்டைக் கைக்குட்டையால் பரபரவென்று தேய்த்து மின்னேற்றினார்கள். தேதியும் ஊர்ப்பெயரும் எழுதிய கண்ணாடியை அதன்மேல் வைத்து விளக்கொளி பாய்ச்சினார்கள். பொடியைத் தூவி ஊதினால், எழுத்து அப்படியே நின்றது! மெழுகுத்தாளை அழுத்தி எடுத்ததுதான் உலகின் முதல் ஜெராக்ஸ் பிரதி! அந்த உதவியாளர் ஓட்டோ கோர்னெய், ஆஸ்திரியாவிலிருந்து வந்து வேலை தேடிக்கொண்டிருந்தவர்!

இருபதுக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் இதை வேண்டாம் என்றன. ஜெராக்ஸ் 914 இயந்திரம் வந்தது 1959-ல். அதாவது 21 வருஷம் கழித்து!

கையில் பயோடேட்டாவோடு அலையும் தம்பி, தங்கைகளே! வேலை தேடுவதை நிறுத்தாதீர்கள். தேடும் நாட்களிலேயே உங்களை உறுத்தும் ஒரு சிக்கலைக் கையிலெடுங்கள். கார்ல்சன் செய்தது அதைத்தான்!