வெறும் வயிற்றோடு ஷிப்டுக்கு ஓடுறீங்களா? சுகர் மாத்திரை போடுறவங்க உஷார்!

அம்பத்தூர்: காலை 6 மணி ஷிப்டு. ஆவடி, பூந்தமல்லி பக்கமிருந்து எஸ்டேட்டுக்கு அடிச்சுப் பிடிச்சு ஓடி வருகிற பலருக்கு காலை டிபன் ஒரு டீதான். கூட ஒரு பன் கிடைத்தால் அதிர்ஷ்டம். 10 மணிக்கு "தலை கிறுகிறுங்குது, கண்ணை இருட்டுது" என்பார்கள்.

என்ன நடக்கிறது? இட்லியோ சோறோ பன்னோ, மாவுச்சத்து எல்லாம் குடலில் குளுக்கோஸ் சர்க்கரையாக உடைந்துதான் ரத்தத்தில் சேருகிறது. ரத்தத்தில் ஒரு நேரத்தில் ஓடும் சர்க்கரை மொத்தமே சுமார் ஒரு டீஸ்பூன்தான்! மீதியை இன்சுலின் உதவியோடு ஈரலும் தசையும் கிளைக்கோஜன் என்ற பெயரில் பதுக்கி வைக்கின்றன. ஈரலில் சுமார் 100 கிராம், தசைகளில் சுமார் 400 கிராம்.

தசை பெரிய கருமி. தன் பங்கை தானே எரித்துக்கொள்ளும், மூளைக்குத் தராது. ராத்திரி முழுக்க படியளப்பது ஈரல்தான். விடியும்போது அந்த இருப்பு நிறைய கரைந்திருக்கும்.

அதற்கும் மிஞ்சினது கொழுப்பு. மாவுச்சத்து கிராமுக்கு 4 கலோரி, கொழுப்பு 9 கலோரி. தொப்பை என்பது பாங்க் டெபாசிட் மாதிரி. ஆனால் மூளை அதை நேரடியாக எரிக்காது. நல்ல உடம்பாக இருந்தால் ஈரல் புதுசாக சர்க்கரை தயாரித்து சமாளித்துவிடும். ஒரு வேளை பட்டினியில் பெரிய ஆபத்து இல்லை.

சிக்கல் சுகர்காரர்களுக்குத்தான். நாட்டில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை நோய் இருப்பதாக 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வு சொன்னது. இன்சுலின் அல்லது கிளிமிபிரைடு போன்ற மாத்திரை எடுத்துவிட்டு சாப்பிடாமல் மெஷினில் நின்றால் சர்க்கரை 70-க்குக் கீழே சரியலாம். வியர்வை, கை நடுக்கம், படபடப்பு, பேச்சில் குழப்பம் வரும். பிரஸ் மெஷினில் கை வைத்திருப்பவருக்கு இது விளையாட்டில்லை.

உடனே மெஷினை விட்டு விலகி, 3 டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கணும். 15 நிமிடத்தில் தெளியாவிட்டால் இன்னொரு தடவை. தெளிந்ததும் வயிறார சாப்பிடணும். மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். ஷிப்டு நேரத்தை டாக்டரிடம் சொன்னால் அதற்கேற்ப மாற்றித் தருவார். மயங்கி விழுந்தவர் வாயில் எதையும் ஊற்றாமல் 108-க்கு போன் போடுங்க.