இரண்டாம் நாள் பொங்கும் மாவு

கோதுமை மாவையும் தண்ணீரையும் எடைக்கு எடை சமமாகக் கலந்து கண்ணாடி ஜாடியில் வைத்து, நாள்தோறும் பாதியைக் கழித்துவிட்டுப் புதுமாவும் நீரும் சேர்த்து வந்தால், கடை ஈஸ்ட்டின் சகாயமின்றியே சவர்டோ ரொட்டிக்கு வேண்டிய மூலப் புளிமாவு விளைந்துவிடும் என்று கேள்வியுற்று அம்முயற்சியில் இறங்குகிற புதியவர், முதல் வாரத்திலேயே பெருமகிழ்ச்சியையும் அவநம்பிக்கையையும் அடுத்தடுத்து அனுபவிக்க நேர்கிறது. இரண்டாம் நாள் மாவு நுரைத்துப் பொங்கி ஜாடியின் விளிம்பை எட்டுகிறது. காரியம் சித்தியாயிற்று என்று அவர் பூரிக்கிறார். மூன்றாம், நான்காம் நாட்களிலோ குமிழிகள் அடங்கி, மேலே நீர் பிரிந்து, குமட்டும் வாடையோடு அது அசைவற்றுக் கிடக்கிறது. மாவு செத்துவிட்டதென்று பலர் அதைக் கொட்டிவிடுவது இந்தக் கட்டத்தில்தான்.

உண்மையில் முதலில் பொங்கச் செய்தது ஈஸ்ட்டே அன்று. தானியத்தின் தோலோடு ஒட்டி வந்த பலவகை பாக்டீரியாக்கள், லியூகோனோஸ்டாக் முதலியன, வெளியிட்ட வாயுவே அது. (நம் இட்லி மாவை ஓர் இரவில் உப்பவைப்பதில் முதற்பங்கு இந்த லியூகோனோஸ்டாக்கினுடையதே, நாம் அதனிடம் வேலை வாங்கிக்கொள்கிறோம், ரொட்டிக்காரரோ அது விலகும்வரை காத்திருக்கிறார்.) மாவில் அமிலம் ஏற ஏற, தொடக்கத்தில் 6 அளவிலிருந்த பி.எச். 4-ஐ நோக்கி இறங்க, அச்சூழலைத் தாங்கமாட்டாமல் இவ்வுயிர்கள் நலிகின்றன. அமிலத்தைச் சகிக்கும் லாக்டோபாசில்லஸ் வகைகளும், அதுவரை சொற்பமாயிருந்த காட்டு ஈஸ்ட்டும் மெல்லப் பெருகுகின்றன. வெளிக்கு மௌனமாகத் தோன்றும் அந்நாட்களில் உள்ளே ஆட்சிமாற்றமே நடந்துகொண்டிருக்கிறது.

மாற்றத்துக்குப் பின் வரும் குடிகளின் ஒற்றுமைதான் விசித்திரமானது. கலிபோர்னியாவின் ஆல்பனியில் அமெரிக்க விவசாய இலாகாவின் ஆராய்ச்சிக்கூடத்திலிருந்த கிளைன், சுகிஹாரா ஆகியோர், தங்கவேட்டைக் காலந்தொட்டுப் பேர்பெற்ற சான் பிரான்சிஸ்கோ ரொட்டியின் புளிமாவை ஆராய்ந்து 1971-ல் வெளியிட்ட முடிவுகளின்படி, அதிலிருந்த ஈஸ்ட் மாவிலுள்ள மால்ட்டோஸ் சர்க்கரையைத் தொடுவதேயில்லை; உடனிருந்த பாக்டீரியாவோ அதையே விரும்பி உண்கிறது. உணவுக்குப் போட்டியில்லாதபோது பூசலுக்கு ஏது இடம்? அந்த பாக்டீரியா, மால்ட்டோஸைப் பிளக்கும்போது மிஞ்சும் குளுக்கோஸை வெளியே விடுவதால் ஈஸ்ட்டுக்கும் ஆகாரம் கிடைக்கிறது. அந்த பாக்டீரியாவுக்கு அந்நகரின் பெயரையே சூட்டினார்கள்; ஆனால் அதே உயிர் ஐரோப்பியப் புளிமாவுகளிலும் வசிப்பதாகப் பின்னர் தெரியவந்தபோது, எல்லாம் தங்கள் ஊர் மூடுபனியின் மகிமை என்று சொல்லிவந்தவர்களின் பெருமை சற்றே குறைந்தது.

ஆகவே புதியவர் செய்யத்தக்கது அதிகமில்லை. தவிடு நீக்காத கோதுமை அல்லது ரை எனப்படும் தானியத்தின் மாவில் தொடங்கினால் நுண்ணுயிர்கள் மிகுதியாகச் சேரும். 25 டிகிரி செல்சியஸை ஒட்டிய வெப்பம் போதும். பாதியைக் கழிப்பதை வீண் செலவென்று எண்ணித் தவிர்ப்பவர், தேங்கிய அமிலத்தைக் குறைக்காமலும் பெருகிய கூட்டத்துக்குத் தீனி போதாமலும் செய்துவிடுகிறார். புதுமாவு சேர்த்த சில மணி நேரத்தில் இருமடங்காக எழும்புவது நாள் தவறாமல் நிகழ்ந்தால் ரொட்டி சுடலாம். இளஞ்சிவப்போ ஆரஞ்சோ கோடாகப் படர்ந்தாலும், மயிரிழை போலப் பூஞ்சணம் பூத்தாலும் மட்டும் தாட்சண்யமின்றி முழுவதையும் கொட்டி, ஜாடியைக் கொதிநீரில் கழுவி, மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.