மலைவழி ஈருருளிக்கு ஏற்ற முன்கவை

கொட்டகலையிலே சமநிலம் அரிது. தோட்டத்து லயங்களிலிருந்து பெருந்தெருவுக்கு இறங்கும் வழிகள் பல கருங்கல் பரப்பியவை; மழைக்காலத்திலே கல் பெயர்ந்து குழி விழுபவை. அவ்வழிகளில் ஈருருளி ஓட்டுவோர், கல்லில் மோதும் அதிர்ச்சியைத் தானேற்று அமிழ்ந்தெழும் முன்கவையை விரும்புதல் இயல்பே. கடைக்காரர் இதனைச் ‘சஸ்பென்ஷன் போர்க்’ என்பர். தமிழாசிரியருக்கு இதில் என்ன அலுவல் என வினவுவாரும் உளர். அன்னார்க்கு ஒரு நிகழ்ச்சியைக் கூறுவோம்.

எம்மிடம் பயின்ற ஒருவர் கொழும்பிலே தொழில் செய்து, இரண்டு மாதம் மிச்சம்பிடித்த பணத்தில், உயர்தர வகுப்பிலே கற்கும் தம்பிக்கு முன்கவையொன்று வாங்கிவந்தார். அதன் தண்டு வண்டியில் நுழையவில்லை. விற்றவரும் மீளப்பெற மறுத்தார். “அளக்காமல் வாங்கிவிட்டேன், சேர்” என்று அவர் தலைகுனிந்தமை எம் மனத்தை வருத்தியது. பிறர்க்கும் அவ்விழப்பு நேராமைப்பொருட்டே இதனை எழுதுகின்றோம்.

முதலில் நோக்கற்பாலது தண்டு. ஒருவகைத் தண்டு மேலுங்கீழும் 1⅛ அங்குலப் பருமனுடையது. மற்றது மேலே 1⅛ அங்குலமாகவும் அடியிலே 1½ அங்குலமாகவும் பருப்பது. பின்னையது, நேர்த்தண்டுக்கென அமைந்த பழைய வண்டிகளின் ஒடுங்கிய தலைக்குழாயில் நுழையாது. முன்னையதை அகன்ற தலைக்குழாயிற் பூட்டத் தக்க வளையங்கள் உண்டு. பாவித்த கவையை வாங்குவோர் தண்டின் நீளத்தையும் அளத்தல் வேண்டும். முன்னைய உடையவர் தம் வண்டிக்கேற்ப அதனை வெட்டியிருப்பர்.

அடுத்தது சில்லு. அது 26, 27.5, 29 அங்குலங்களுள் எதுவென அறிதல் வேண்டும். சில்லின் அச்சும் கவையோடு பொருந்துதல் வேண்டும்: 9 மில்லிமீற்றர் அச்சுக்குரிய சில்லு, 15 மில்லிமீற்றர் அச்சுக்குரிய கவையில் அப்படியே அமையாது. மூன்றாவது பிறேக்கு. விளிம்பைப் பற்றும் பிறேக்குக்குரிய முளைகள் இக்காலக் கவைகள் பலவற்றில் இல்லை. அவை டிஸ்க் பிறேக்குக்கே அமைந்தவை.

இறுதியானதும் இன்றியமையாததுமானது அமிழும் நீளம். 100 மில்லிமீற்றருக்கென ஆக்கிய வண்டியில் 140 மில்லிமீற்றர்க் கவையைப் பூட்டின் முன்புறம் உயரும்; ஏற்றத்திலே முன்சில்லு வழிதப்பும்; தலைக்குழாய் பொருத்தில் நெம்புவிசை மிகும். அப்பொருத்து வெடிப்பின், பத்தனைப் பக்கத்து இறக்கத்திலே உயிருக்கே ஏதமாம். ஆதலின் வண்டி செய்தோர் விதித்த எல்லையைக் கடத்தல் தகாது.

பொருத்தமானது கிடைத்தபின் ஓட்டுபவரின் நிறைக்கேற்ப அதனைச் சீர்செய்தல் வேண்டும். காற்றடைத்த கவையாயின், ஏறி அமர்ந்தவுடன் அமிழும் நீளத்தில் ஐந்திலொரு பங்களவு தாழுமாறு காற்றைக் கூட்டியோ குறைத்தோ கொள்ளலாம்.

விலையுயர்ந்தது யாவும் நல்லதன்று. தன் வண்டிக்குப் பொருந்துவதே நல்லது. பழைய மாணவர்களே, தம்பியர்க்குப் பரிசு வாங்குமுன் வீட்டிலுள்ள வண்டியை அளந்து எழுதிக்கொண்டு கடைக்குச் செல்லுங்கள். அத்துண்டுக் கடதாசி இரண்டு மாத உழைப்பைக் காக்கும்.