வாசிக்கிறார்கள், விளங்கவில்லை: ஆங்கிலப் பந்தியை வரைபடமாக்கல்

திருகோணமலையில் மாலை நேரங்களில் நான் ஆங்கிலம் படிப்பிக்கும் பிள்ளைகளில் பலர் ஒரு பந்தியைத் தடங்கலின்றி உரத்து வாசிப்பார்கள். வாசித்து முடித்ததும், "யார் யாருக்கு எதைக் கொடுத்தது?" என்று தமிழில் கேட்டால் பதில் வராது. பரீட்சையில் இது பெரும்பாலும் வெளியே தெரிவதில்லை. வினாவில் உள்ள சொல்லைப் பந்தியில் தேடிப்பிடித்து, அந்த வரியை அப்படியே எழுதினால் பல வேளைகளில் புள்ளி கிடைத்துவிடும். வேலை ஒப்பந்தமோ காணி பற்றிய கடிதமோ ஆங்கிலத்தில் கைக்கு வரும்போது அந்த வித்தை உதவாது.

இதற்கு நான் பயன்படுத்துவது எண்ணக்கரு வரைபடம். 1970களில் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் ஜோசப் நோவாக்கும் அவரது குழுவினரும் உருவாக்கிய முறை இது. ஏற்கெனவே தெரிந்த ஒன்றோடு இணையும்போதுதான் புதிய விடயம் நிலைக்கும் என்ற டேவிட் ஓசுபெலின் கருத்து அதற்கு அடிப்படை. டோனி புசான் பிரபலப்படுத்திய மனவரைபடம் வேறு. அதில் நடுவிலிருந்து கிளைகள் பிரியும், அவ்வளவுதான். எண்ணக்கரு வரைபடத்தில் இரண்டு பெட்டிகளை இணைக்கும் கோட்டின் மேல் ஒரு சொல் எழுதியாக வேண்டும். வாசிப்புக்கு உதவுவது அந்தச் சொல்தான். நிறப்பேனாவால் வரைந்த கிளைகள் சுவரில் ஒட்ட நல்லது.

எங்கள் பிள்ளைகளுக்குத் தெரிந்த ஒன்றை எடுப்போம்: சீனக்குடா எண்ணெய்க் குதங்கள். பிரித்தானியர் கட்டியவை, மொத்தம் 99. 2022 ஜனவரி 6 இல் கையெழுத்தான ஒப்பந்தங்களின்படி 14 குதங்கள் லங்கா ஐ.ஓ.சி.க்கு, 24 இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, 61 இரண்டும் சேர்ந்த கூட்டு நிறுவனத்துக்கு. அதில் கூட்டுத்தாபனத்தின் பங்கு 51 வீதம். குத்தகைக் காலம் 50 ஆண்டுகள்.

இதையே ஆங்கிலத்தில் நான்கு வரியில் எழுதிக் கொடுக்கிறேன். அகராதி வேண்டாம். முதலில் பெயர்களையும் எண்களையும் பெட்டிக்குள் போடச் சொல்வேன். அது எல்லோருக்கும் வரும். பிறகு இரண்டு பெட்டிகளுக்கு இடையிலுள்ள வினைச்சொல்லைத் தேடி, அம்புக்குறியின் மேல் ஆங்கிலத்திலேயே எழுத வேண்டும். சிக்கல் இங்கேதான் வெளிவரும். 'குத்தகைக்கு விடப்பட்டன' என்ற செயப்பாட்டு வாக்கியத்தில் அரசைப் பெறுபவராகவும் நிறுவனத்தைக் கொடுப்பவராகவும் போட்டுவிடுவார்கள். தமிழில் 'க்கு', 'ஆல்' என்பன பெயரின் வாலில் ஒட்டிக்கொண்டிருக்கும். ஆங்கிலத்தில் 'டு', 'பை' என்ற சின்னச் சொற்கள் பெயருக்கு முன்னால் தனியே நிற்கும். கண் அவற்றைத் தாண்டிப் போய்விடுகிறது. அம்புக்குறியின் தலை எந்தப் பக்கம் என்று முடிவெடுக்க வேண்டி வரும்போது அவற்றைப் பார்த்தே ஆகவேண்டும்.

கடைசியில் பந்தியை மூடிவைத்து, படத்தை மட்டும் பார்த்து முதலில் தமிழிலும் பின் ஆங்கிலத்திலும் சொல்ல வேண்டும். நான் கரும்பலகையில் வரைந்து கொடுத்து அவர்கள் கொப்பியில் பார்த்தெழுதினால் ஒரு பயனும் இல்லை. எழுத்துகளே பிடிபடாத பிள்ளைக்கும் இது பொருந்தாது. அவருக்கு முதலில் ஒலியும் எழுத்தும் வேண்டும். கதை, கவிதைக்கு நான் இதைப் பயன்படுத்துவதில்லை.

2006 இல் சம்பூரிலிருந்து இடம்பெயர்ந்தவர்களில் பலர் 2015 இன் பின்னரே ஊர் திரும்பினார்கள். அந்த ஆண்டுகளில் பள்ளிக்கூடம் குழம்பியவர்கள் இன்று பெற்றோர். ஆங்கிலம் தெரியாததால் பிள்ளையின் படிப்பில் தலையிட முடியவில்லை என்று சொல்லும் தாய்மாருக்கு நான் சொல்வது இதுதான்: பிள்ளையின் படத்தில் ஓர் அம்புக்குறியைத் தொட்டு, "இதில கொடுத்தது யார், வாங்கினது யார்?" என்று தமிழில் கேளுங்கள். பிள்ளை தடுமாறினால், அந்த வரியை மறுபடி வாசிக்கச் சொல்லுங்கள்.